மாத்திரை அட்டையில் பெயர் இல்லாத மனிதர்... சுப்பாராவ் என்ற மெட்ராஸ் டாக்டரின் கதை!

அரசுப் பள்ளியில படிச்சவரா நீங்க? அப்படின்னா வாரம் ஒரு நாள் டீச்சர் கையில் கொடுத்து, எதிரிலேயே விழுங்க வைத்த அந்த நீல நிற மாத்திரை ஞாபகம் இருக்கும். இரும்புச் சத்தோடு அதில் ஃபோலிக் ஆசிட்டும் உண்டு. காஞ்சிபுரம் பக்கத்து ஆளா இருந்தா இன்னொன்றும் ஞாபகம் இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை சுகாதாரத் துறை ஊழியர்கள் வீடு வீடாக வந்து கொடுத்த யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை. அதே ஊரின் ஓரத்தில், காரைப்பேட்டையில், அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் மருந்து ஒன்றின் பெயர் மெத்தோட்ரெக்சேட்.

ரத்தசோகைக்கு ஒன்று, யானைக்காலுக்கு ஒன்று, கேன்சருக்கு ஒன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியுதா? மூன்றுமே ஒரே ஆள் தலைமை தாங்கிய ஆய்வுக்கூடத்தோடு தொடர்புடையவை. அவர் சென்னையில் படித்தவர். திருவல்லிக்கேணியில் பள்ளி இறுதி, பிரசிடென்சி கல்லூரி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948-ல் இறந்துபோனார். மருந்து ஆராய்ச்சி உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த பெயர். ஆனா மெடிக்கல் ஷாப் க்யூவில் நிற்கிற நமக்குத் தெரியாது.

1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். இப்போது அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. ஏழு பிள்ளைகள் உள்ள வீடு. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் வேலையை விட்டுவிட, வறுமை வந்து உட்கார்ந்துகொண்டது. 13 வயதில் பையன் ஒரு முடிவு எடுத்தான். காசிக்குப் போய், வருகிற யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிப்பது! கிளம்பியும்விட்டான். வழியிலேயே பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தார்கள்.

படிப்பிலும் சூரப்புலி கிடையாது. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முயற்சியில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். அப்புறம் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிடலாம் என்று ஆசை. அதுவும் நடக்கவில்லை. மருத்துவம் படி, அதுவும் சேவைதான் என்று ஆனது. நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் படிப்புச் செலவுக்குக் கை கொடுத்தார். 1919-ல் அவருடைய மகள் சேஷகிரியைத்தான் சுப்பாராவ் திருமணம் செய்துகொண்டார்.

மெடிக்கல் காலேஜில் ஒரு சம்பவம். காந்தி அந்நியத் துணியை விடச் சொன்ன காலம். சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்கே கதர் அங்கியோடு போய் நின்றார். சர்ஜரி பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் கிடைத்தது. ஒரு கதர் அங்கிக்கு இவ்வளவு விலை! இந்தக் குறைந்த சான்றிதழ் அமெரிக்கா வரைக்கும் அவரைத் துரத்தியது.

அரசு மருத்துவ வேலை கிடைக்காமல், சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியரானார். அந்த லட்சுமிபதிக்கும் இவருக்கும் அதற்கு முன்பே ஒரு கணக்கு உண்டு. சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற நோயில் அடுத்தடுத்து இறந்துபோயிருந்தார்கள். வெப்பமண்டல நாடுகளில் வருகிற குடல் நோய் அது. சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு நிற்காது. ரத்தம் வற்றி, ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். சுப்பாராவுக்கும் அது வந்தது. இங்கிலீஷ் மருத்துவம் கைவிட்ட நிலையில், லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில் தேறி எழுந்தார்.

யோசிச்சுப் பாருங்க. மருத்துவம் படித்தவர், கண்ணெதிரே இரண்டு உடன்பிறப்புகளைப் பறிகொடுக்கிறார். காரணம் என்னவென்று அவர் படித்த புத்தகங்களில் இல்லை. அந்த நோய்க்குள் ஃபோலிக் ஆசிட் என்ற விட்டமின் பற்றாக்குறை ஒளிந்திருந்தது. அப்படி ஒரு விட்டமின் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா கிளம்பினார். பணம், மாமனார் கொடுத்ததும் காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை கொடுத்ததும். சில வருடம் படித்துவிட்டுத் திரும்புவது திட்டம். மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். பிறந்த ஆண் குழந்தை சில மாதங்களிலேயே இறந்துவிட்டது. அப்பா அந்தக் குழந்தையைப் பார்க்கவே இல்லை. சேஷகிரியும் அதன் பிறகு கணவரைப் பார்க்கவில்லை. கடைசி வரைக்கும்.

பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி. வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோ. ஆனா எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியவில்லை. மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, நோயாளிகளின் பெட்பேன் கழுவிச் சாப்பாட்டுக்கு வழி செய்துகொண்டார். பகலில் உயிர்வேதியியல் ஆய்வு. சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறையை 1925-ல் வெளியிட்டார். லேப் டெக்னீஷியன் கோர்ஸ் படிக்கிற ஃப்ரெண்டு இருந்தா கேட்டுப் பாருங்க. ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயர் தெரிந்திருக்கும்.

அந்த முறையை வைத்துத்தான் தசைக்குள் எட்டிப் பார்த்தார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின். 1929-ல் ஏ.டி.பி. ஆமா, பயாலஜி புத்தகத்தில் செல்லின் எரிசக்தி நாணயம் என்று படித்து மார்க் வாங்கினோமே, அதேதான். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே வருடம் தனியாக அதைக் கண்டுபிடித்தார். பாடப் புத்தகத்தில் ஏ.டி.பி. இருக்கும், சுப்பாராவ் இருக்கமாட்டார். 1930-ல் பிஎச்.டி. கிடைத்தது. ஹார்வர்டில் நிரந்தரப் பதவி மட்டும் கிடைக்கவில்லை. பத்து வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே என்ற மருந்து கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சித் தலைமை அவர் கைக்கு வந்தது.

கைக்கு மீதி இருந்தது எட்டு வருடம்தான். மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் அந்த எட்டு வருடத்தில் வந்தவை.

சகோதரர்களுக்குக் கிடைக்காத மாத்திரை

முதலில் ஃபோலிக் ஆசிட். இதன் கதை மும்பையில் ஆரம்பிக்கிறது. 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற பிரிட்டிஷ் பெண் மருத்துவர், அங்குள்ள ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்கு ஏன் கடுமையான ரத்தசோகை வருகிறது என்று தேடினார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் தேறினார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. கல்லீரலிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, 1945-ல் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டியது சுப்பாராவின் லெடர்லே குழு. கல்லீரலை அரைத்துக் கொண்டிருந்தால் கிடைப்பது துளிகள். செயற்கையாகத் தயாரித்தால் மூட்டை மூட்டையாக. நோயாளிகளிடம் கொடுத்துச் சோதிக்க அதுதான் வழி.

டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவரின் குழு கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தது. ரத்தம் ஊறியது. நாக்குப் புண் ஆறியது. எடை ஏறியது. சுப்பாராவின் சகோதரர்கள் இறந்து அப்போது சுமார் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

இன்னொரு தகவலும் இருக்கு. இன்றைக்கும் ஸ்ப்ரூவுக்கு டாக்டர்கள் கொடுப்பது ஃபோலிக் ஆசிட்டும், கூடவே டெட்ராசைக்ளின் ஆன்டிபயாட்டிக்கும். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். அதைக் கண்டுபிடித்த பெஞ்சமின் டக்கர் வேலை பார்த்ததும் சுப்பாராவின் தலைமையில், அதே லெடர்லே ஆய்வுக்கூடத்தில்தான். தன் வீட்டில் இரண்டு உயிரை எடுத்த நோய்க்கு, மருந்துச் சீட்டின் இரண்டு வரியும் இவர் கூடாரத்திலிருந்தே வந்திருக்கிறது. சினிமாவில் வைத்தால் ஓவர் என்போம்.

தறிக் குழியும் ஒரு மாத்திரையும்

இப்போது காஞ்சிபுரத்துக்கு வாங்க. பட்டுச்சேலை எடுக்கப் போன யாராவது பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தறி வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் தொங்கவிட்டிருப்பார். கை நாடாவை ஓட்ட, கால் மிதிக்கட்டையை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருக்கும். கால் ஓடினால்தான் தறி ஓடும். அந்தக் கால் தூண் மாதிரி வீங்கிவிட்டால்? குழிக்குள் இறங்குவதே பாடு. மாதத்தில் சில நாள் காய்ச்சலும் நெறிகட்டலும் வேறு. யானைக்கால் அவ்வளவு சீக்கிரம் ஆளைக் கொல்லாது. பிழைப்பைக் கெடுக்கும். காஞ்சிபுரம் மாவட்டம் தமிழ்நாட்டில் அந்த நோய் ஊன்றியிருந்த மாவட்டங்களில் ஒன்று. சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவர் ரத்தத்துக்குப் புழுவைக் கடத்தும்.

லெடர்லேயை இந்தப் பக்கம் திருப்பியது நம் நெசவாளர்கள் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன ஆயிரக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்களை இந்தப் புழு பிடித்துக்கொண்டது. அப்போது கைவசம் இருந்தவை ஆன்டிமனி, ஆர்சனிக் கலந்த விஷ ஊசிகள். சுப்பாராவின் குழு, வாயால் விழுங்குகிற மருந்தைத் தேடியது. பருத்தி எலிகளுக்கு வருகிற இதே ஜாதிப் புழுவின் மேல் ரசாயனங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அடுத்து நாய்கள். ஒன்று வேலை செய்தது. டைஎத்தில்கார்பமசின், சுருக்கமாக டி.இ.சி., கம்பெனிப் பெயர் ஹெட்ரசான். போர்ட்டோ ரிக்கோவில் மனிதர்களுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் நீந்திய குட்டிப் புழுக்கள் காணாமல் போயின. 1947-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் ஆறு பேர் பெயர் இருக்கும். கடைசிப் பெயர் சுப்பாராவ். குழுத் தலைவர் கடைசியில் நிற்பது ஆராய்ச்சி உலகில் புதுசில்லைதான். ஆனாலும் தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளாதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

2004 முதல் நாடு முழுக்க, நோய் உள்ள மாவட்டங்களில் வருடம் ஒரு முறை கொடுக்கப்பட்டது இதே மருந்துதான். பெரியவர்களுக்கு டி.இ.சி. 100 மில்லி கிராம் மாத்திரை மூன்று, கூடவே ஒரு அல்பெண்டசோல். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையாக உடல்நலம் குன்றியவர்கள் தவிர எல்லோருக்கும். இந்த எல்லோருக்கும் என்பதில்தான் சிக்கல். எனக்கு நோயே இல்லையே, நான் ஏன் சாப்பிடணும்? மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தலைசுற்றல், காய்ச்சல் வந்தது. பெரும்பாலும் உள்ளே புழு செத்ததன் அறிகுறி அது. வெளியே பார்ப்பவர்களுக்கு மாத்திரை ஆகாமல் போனதாகத் தெரிந்தது. ஒரு விஷயம் உண்மை. ஏற்கெனவே வீங்கிய காலை டி.இ.சி. பழையபடி ஆக்காது. அடுத்த தலைமுறைக்கு வராமல் தடுக்கத்தான் அது.

கெட்ட செய்தியிலிருந்து கிடைத்த மருந்து

சுப்பாராவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிடித்த என்று சொல்வது சரியா தெரியவில்லை, ஏன்னா இதில் குழந்தைகள் இறக்கிறார்கள்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு குழந்தை நோயியல் மருத்துவர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களில், சில மாதங்களில் இறந்துகொண்டிருந்த காலம். ஃபோலிக் ஆசிட் ரத்தசோகையைக் குணமாக்குகிறதே, ரத்தப் புற்றுநோயில் என்ன செய்யும்? லெடர்லே அனுப்பிய ஃபோலிக் ஆசிட் வகைப் பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார். விபரீதம். புற்றணுக்கள் இன்னும் வேகமாகப் பெருகின மாதிரி தெரிந்தது.

வேறு ஒரு கம்பெனியாக இருந்தால் ஃபைலை மூடியிருப்பார்கள். இங்கே கேள்வி தலைகீழாகத் திரும்பியது. ஃபோலிக் ஆசிட் கிடைத்தால் புற்றுநோய் வளர்கிறது என்றால், ஃபோலிக் ஆசிட் கிடைக்காமல் செய்தால்? சுப்பாராவின் வேதியியலாளர்கள் ஏற்கெனவே ஃபோலிக் ஆசிட்டைப் போலவே இருக்கும், ஆனால் வேலை செய்யாத மூலக்கூறுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பூட்டுக்குள் நுழையும், திறக்காது, உண்மையான சாவியையும் உள்ளே விடாது. அப்படி ஒரு கள்ளச்சாவிதான் அமினோப்டெரின்.

1947 கடைசியில் ஃபார்பர் அதை ஊசியாகப் போடத் தொடங்கினார். 1948 ஜூனில் முடிவு வெளியானது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். ரத்தம் சீராகி, எழுந்து விளையாடிய குழந்தைகள் இருந்தார்கள். நிரந்தரம் இல்லை, நோய் திரும்பி வந்தது. ஆனால் மருந்தால் லுகேமியாவைப் பின்வாங்க வைக்க முடியும் என்று காட்டிய முதல் சோதனைகளில் ஒன்று அது. மருந்தைத் தயாரித்துக் கொடுத்த சுப்பாராவின் பெயர் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்கள் வரிசையில் இல்லை.

அமினோப்டெரினின் தம்பி, கொஞ்சம் சாதுவானது, மெத்தோட்ரெக்சேட். அதுவும் அதே ஆய்வுக்கூடத்து வாரிசு. கர்ப்பப்பையில் உருவாகும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை 1950-களில் அது முழுமையாகக் குணமாக்கியது. பிறகு கேன்சர் வார்டைத் தாண்டி வெளியே வந்தது. சொரியாசிஸ், முடக்குவாதம். 1988-ல் முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. குறைந்த அளவு, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மாத்திரை. உங்க வீட்டுப் பெரியவர்கள் யாராவது இதைச் சாப்பிட்டா ஒரு தடவை செக் பண்ணுங்க. வாரம் ஒரு நாள் என்பதைத் தினமும் என்று தவறாக எடுத்துக்கொண்டு உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. டாக்டர் அதோடு ஃபோலிக் ஆசிட்டும் எழுதியிருப்பார், பக்க விளைவைத் தணிக்க. சாவியும் கள்ளச்சாவியும் ஒரே சீட்டில்!

அடுத்து அது தட்டிய கதவு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், அதாவது நம்ம வயசில், தலைகாட்டும். பார்வை மங்கும், கால் தடுமாறும், கை சொன்னபடி கேட்காது. 1990-களின் தொடக்கத்தில் அந்த நோயின் போக்கை மாற்ற அனுமதி பெற்ற, வாயால் விழுங்கும் மருந்தே கிடையாது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் டொனால்ட் குட்கின் குழு, நோய் படிப்படியாக முற்றிக்கொண்டிருந்த 60 பேரைச் சேர்த்தது. குலுக்கல் முறையில் 31 பேருக்கு வாரம் 7.5 மில்லி கிராம் மெத்தோட்ரெக்சேட், 29 பேருக்கு மருந்தில்லாத டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. இரண்டு வருடம்.

எப்படி அளந்தார்கள் தெரியுமா? ஒன்பது சின்னக் குச்சிகளை ஒன்பது துளைகளில் செருகி எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்பது ஒரு சோதனை. 1995-ல் முடிவு வந்தது. நோய் மோசமானவர்கள் டம்மி மாத்திரைப் பக்கம் 100-க்கு 83 பேர். மெத்தோட்ரெக்சேட் பக்கம் 52 பேர். பலன் தெரிந்தது முக்கியமாகக் கைகளில். நடையில் பெரிய வித்தியாசம் இல்லை. சிரிக்காதீங்க, குச்சி செருகுவது சின்ன விஷயமா என்று. சட்டைப் பொத்தான் போடவும் ஸ்பூன் பிடிக்கவும் அந்த விரல்கள்தான் வேணும். அறுந்த ஜரிகை இழையைப் பிடித்து முடிச்சுப் போட்டுப் பிழைக்கும் ஊரில் இதை விளக்கவே தேவையில்லை.

ஆனாலும் 60 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. மெத்தோட்ரெக்சேட் எம்.எஸ்-ஸின் முக்கிய மருந்தாகவில்லை. ஒரு பூஞ்சைப் பொருளிலிருந்து உருவான ஃபிங்கோலிமோட் என்ற மாத்திரையை, தலா ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்த இரண்டு பெரிய சோதனைகள் தாங்கிப் பிடித்தன. எம்.எஸ். நோயின் போக்கை மாற்ற 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் வாய்வழி மருந்து அது. பிறகு வேறு மாத்திரைகளும் வந்தன. இந்தியாவில் இப்படிப்பட்ட சோதனை எது நடந்தாலும் முன்கூட்டியே அரசின் கிளினிக்கல் டிரையல் பதிவேட்டில் பதிய வேண்டும். 2009-லிருந்து இது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். வீட்டில் யாரையாவது சோதனையில் சேரச் சொன்னால், முதல் வேலையாகப் பதிவு எண்ணைக் கேளுங்க. பங்கேற்பவர் புரிந்து சம்மதிக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

சுப்பாராவுக்கு இதெல்லாம் தெரியாது. 1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை. ஜூலையில் ஆரியோமைசின் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் ஒரு ராத்திரி தூங்கப் போனவர் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 53. குலுக்கல் முறை என்று மருந்துச் சோதனைக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்த வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை முடிவு வெளியானது அதே வருடம்தான், அவர் போன பிறகு.

ஒரு பூஞ்சைக்கு அவர் நினைவாக சுப்பாரோமைசஸ் ஸ்பிளெண்டன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1995-ல், நூற்றாண்டில், இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. டி.இ.சி. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் ஆசிட்டும்கூட.

சேஷகிரி பற்றித்தான் குறைவாக எழுதியிருக்கிறார்கள். 1919-ல் கல்யாணம், சில வருடச் சேர்ந்த வாழ்க்கை, ஒரு குழந்தையின் சாவு, பிறகு கால் நூற்றாண்டு கடிதங்கள். பேர்ல் ரிவரில் கணவர் இறந்த செய்தியும் இந்தியாவுக்குத் தூரத்திலிருந்து வந்த செய்தியாகத்தான் அவரை எட்டியது.